பாடம் நடத்தலாம், வாதாட முடியாது: கரீபியனில் ஒரு சட்ட விரிவுரையாளர் (நிகழ்வு ஆய்வு)

இதில் வருகிறவர் டிரினிடாட்காரர், வேலை பார்த்தது வேறொரு தீவில். 2009 முதல் 2016 வரை அதே சட்டப் புலத்தில் நான் வணிகச் சட்டம் நடத்தினேன், அவருக்குப் பக்கத்து அறை. ஆகவே பாதி நான் கண்ணால் பார்த்தது, மீதி அவரே பின்னாளில் பழைய கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு வருட வாரியாகச் சொன்னது. பெயரும் பல்கலைக்கழகமும் தீவும் வேண்டாம் என்றார், விட்டுவிட்டேன். மற்றபடி நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

பின்னணி: இரண்டு கதவுகள்

கரீபியனில் ஆங்கிலம் பேசும் நாடுகளில் வழக்கறிஞர் ஆவது எப்படி என்று தெரியாவிட்டால் இந்தக் கதை புரியாது, அதனால் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

வெஸ்ட் இண்டீஸ் பல்கலைக்கழகம் 1948-ல் ஜமைக்காவின் மோனாவில் லண்டன் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியாகத்தான் ஆரம்பித்தது. சட்டப் புலம் வந்தது 1970-ல், பார்படோஸில் உள்ள கேவ் ஹில் வளாகத்தில். அதுவரை வக்கீலாக வேண்டும் என்றால் லண்டனுக்குக் கப்பல் ஏறுவதுதான் வழி. பட்டம் உள்ளூரிலேயே வந்துவிட்டது, சரி, தொழில் பயிற்சி? அதற்கு 1971-ல் நாடுகளுக்கு இடையே ஓர் ஒப்பந்தம் போட்டுச் சட்டக் கல்விப் பேரவை அமைத்தார்கள். 1973-ல் ஜமைக்காவில் நார்மன் மேன்லி சட்டப் பள்ளியும் டிரினிடாடில் ஹியூ வூடிங் சட்டப் பள்ளியும் திறந்தன. 1998-ல் பஹாமாஸில் யூஜின் டுபுக் சட்டப் பள்ளி சேர்ந்தது.

பல்கலைக்கழகத்தில் எல்.எல்.பி. முடித்துவிட்டு இந்த மூன்றில் ஒன்றில் 2 ஆண்டு படித்துச் சட்டக் கல்விச் சான்றிதழ் வாங்க வேண்டும். எல்.இ.சி. என்று சொல்வார்கள். அது கையில் இருந்தால்தான் நீதிமன்றத்தில் நிற்கலாம். அது இருந்தால் ஒப்பந்தத்தில் சேர்ந்த மற்ற நாடுகளிலும் பதிவு செய்துகொள்ளலாம் என்பது கூடுதல் வசதி. வெஸ்ட் இண்டீஸ் பல்கலைக்கழகத்தில் எல்.எல்.பி. படித்தவருக்குச் சட்டப் பள்ளியில் நேரடி இடம் உண்டு. கயானா பல்கலைக்கழகத்தில் முதல் 25 பேருக்குத் தனி ஏற்பாடு. மற்ற எல்லாரும், அதாவது லண்டன் பல்கலைக்கழகப் பாடத்தை ஊரில் இருந்தபடியே வெளி மாணவராகப் படித்தவர்கள் உட்பட, நுழைவுத் தேர்வு எழுதி மிச்சமிருக்கும் இடத்துக்குப் போட்டி போட வேண்டும்.

நம்மவர் அந்த மற்ற எல்லாரில் ஒருவர்.

1996 – 2006: தள்ளிப் போட்ட சான்றிதழ்

தெற்கு டிரினிடாடில் நடுத்தரக் குடும்பம். கேவ் ஹில்லில் சட்டத்துக்கு விண்ணப்பித்தார், இடம் கிடைக்கவில்லை. அப்போது ஒவ்வொரு நாட்டுக்கும் ஒதுக்கிய இடங்களே குறைவு. அரசுத் துறை ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து, சாயங்காலம் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் ஒரு தனிப்பயிற்சிக் கல்லூரியில் லண்டன் எல்.எல்.பி. படித்து 1999-ல் முடித்தார். 2000-ல் சட்டப் பள்ளி நுழைவுத் தேர்வு எழுதி, இடம் கிடைக்கும் வரம்புக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டார்.

மறு வருடம் திரும்ப எழுதியிருக்கலாம். ஆனால் அதே நேரத்தில் இங்கிலாந்தில் முதுகலை படிக்க உதவித்தொகை கிடைத்தது. கையில் வந்த உதவித்தொகையை விட்டுவிட்டு வராத இடத்துக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள், நானும் போயிருப்பேன். முதுகலை முனைவர் பட்டமாக நீண்டது. ஆய்வுப் பொருள் கரீபியனில் மரண தண்டனையும், காலனிக் காலத்திலிருந்து அந்நாடுகளின் கடைசி மேல்முறையீட்டைக் கேட்டுவந்த, லண்டனில் உள்ள பிரிவி கவுன்சிலும். 1993-ல் ஜமைக்கா கைதிகளான பிராட், மார்கன் இருவரின் வழக்கில், தண்டனை விதித்து 5 ஆண்டுக்கு மேல் தூக்குமேடை நிழலில் காத்திருக்க வைப்பதே மனிதத்தன்மையற்ற செயலாகக் கருதப்பட வேண்டும் என்று பிரிவி கவுன்சில் சொல்லியிருந்தது. அதற்கு அடுத்த பத்தாண்டில் நடந்ததுதான் அவர் ஆய்வு. 2004-ல் ஒரே நாளில் பார்படோஸ், டிரினிடாட் வழக்குகளில், கொலைக்குக் கட்டாய மரண தண்டனை என்ற சட்டம் செல்லும் என்று 9 நீதிபதிகளில் 5 பேர் சொல்ல 4 பேர் மறுத்த தீர்ப்புகள் வந்தபோது, எழுதி முடித்திருந்த இரண்டு அத்தியாயங்களைக் கிழித்துப் போட்டு மறுபடி எழுதியதாகச் சொல்வார்.

2005 ஏப்ரலில், வட்டார நாடுகள் சேர்ந்து அமைத்த கரீபிய நீதிமன்றம் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் தொடங்கியது. பார்படோஸும் கயானாவும் கடைசி மேல்முறையீட்டை லண்டனிலிருந்து அங்கே மாற்றிக்கொண்டன. நீதிமன்றக் கட்டடம் இருக்கும் டிரினிடாட் மாற்றிக்கொள்ளவில்லை. 1976-லேயே குடியரசான நாடு, இன்றைக்கும் கடைசி மேல்முறையீட்டுக்கு லண்டனுக்குத்தான் போகிறது. இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர் நிறுத்த மாட்டார். ஊருக்குத் திரும்ப இதைவிட நல்ல நேரம் வராது என்று நினைத்து 2006-ல் விரிவுரையாளராகச் சேர்ந்தார். தேர்வுக் குழுவில் எல்.இ.சி. பற்றி ஒருவரும் கேட்கவில்லை. முனைவர் பட்டம் இருந்தது, போதும்.

2006 – 2014: கவனித்தவை

அவர் வகுப்பு நன்றாக இருக்கும். அரசமைப்புச் சட்டத்தில் 'பழைய சட்டக் காப்புப் பிரிவு' என்று ஒன்று உண்டு. விடுதலை அடைந்தபோது இருந்த காலனிச் சட்டங்களை, அடிப்படை உரிமைக்கு மாறாக இருந்தாலும் நீதிமன்றம் ரத்து செய்யக் கூடாது என்கிற பிரிவு. மாணவர்களுக்குத் தூக்கம் வரவழைக்க இதுபோல ஒரு தலைப்பு கிடையாது. அவர் நேராக ஒரு கைதியின் மனுவிலிருந்து ஆரம்பிப்பார். செயின்ட் லூசியா மாணவர்களிடம், உங்கள் ஊர் சிவில் சட்டத் தொகுப்பு கியூபெக்கைப் பார்த்து எழுதியது, நீங்கள் இங்கிலாந்து நிலச் சட்டத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போனால் ஊரில் என்ன செய்வீர்கள் என்பார். கயானா மாணவர்களிடம் ரோமன்-டச்சுச் சட்டத்தின் மிச்சம் நிலப் பத்திரத்தில் இன்னும் எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று கேட்பார்.

அவர் முதலில் எதிர்கொண்ட சிக்கல் பாடநூல். அன்றைக்குக் கையில் இருந்தவை பெரும்பாலும் இங்கிலாந்து நூல்கள். கிழக்குக் கரீபிய உச்ச நீதிமன்றம் 9 தீவு நாடுகளுக்கும் ஆட்சிப்பகுதிகளுக்கும் தீர்ப்பு சொல்கிறது, ஆனால் பழைய தீர்ப்புகளில் பல அச்சிலேயே வரவில்லை. பதிவாளர் அலுவலகத்துக்கு நேரில் போய்ப் படியெடுத்தால்தான் உண்டு. இவர் விடுமுறை தோறும் தீவு தீவாகப் போய்ப் படியெடுத்து வந்து 400 பக்கத்துக்கு ஒரு வழக்குத் தொகுப்பு தயாரித்தார். 5 வருட வேலை. நானே என் வகுப்பில் அதிலிருந்து எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறேன்.

2012-ல் முதுநிலை விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பித்தபோது அந்தத் தொகுப்பை 'கற்பிப்புப் பொருள்' என்று ஒரு வரியில் ஒதுக்கிவிட்டார்கள். ஆய்வு வெளியீடாகக் கணக்கில் வரவில்லை. வட்டார இதழ்களில் எழுதிய கட்டுரைகளுக்கும் வெளிநாட்டு இதழ்களுக்கு இருந்த எடை இல்லை. பதவி உயர்வு இல்லை என்று கடிதம் வந்தது. இதை அநியாயம் என்று நான் அன்றைக்கும் சொன்னேன். ஆனால் முனைவர் ஆய்வேட்டை நூலாக்காமல் 6 வருடம் கிடப்பில் போட்டிருந்தார் என்பதும் உண்மை, குழு அதைத்தான் பிடித்துக்கொண்டது.

இரண்டாவது சிக்கல் மெதுவாக வந்தது. மாணவர்கள் மூன்று வருடத்தில் பட்டம் வாங்கி, நேரடியாகச் சட்டப் பள்ளிக்குப் போய், இரண்டு வருடம் கழித்துக் கறுப்பு அங்கியோடு வந்து பார்ப்பார்கள். "மிஸ், நீங்கள் எந்தெந்த வழக்கில் வாதாடியிருக்கிறீர்கள்?" என்று வெள்ளந்தியாகக் கேட்பார்கள். முதல் சில வருடம் சிரித்தார், அப்புறம் பேச்சை மாற்ற ஆரம்பித்தார்.

2013 அக்டோபரில் ஷனீக் மைரி வழக்கில் தீர்ப்பு வந்தது. பார்படோஸ் விமான நிலையத்தில் அவமானப்படுத்தித் திருப்பி அனுப்பப்பட்ட ஜமைக்காப் பெண் அவர். கரிகாம் (கரீபிய நாடுகளின் கூட்டமைப்பு) நாட்டுக் குடிமக்கள் இன்னொரு கரிகாம் நாட்டில் தடையில்லாமல் நுழைந்து 6 மாதம் வரை தங்கலாம் என்று கரீபிய நீதிமன்றம் சொன்னது. அடுத்த சில மாதத்தில் வட்டார உரிமை பற்றிப் பேசத் தெரிந்தவர்களுக்கு எல்லா இடத்திலும் கிராக்கி. ஒரு தொண்டு அமைப்பு இவரைத் தேடி வந்து, ஒரு கைதியின் அரசமைப்பு மனுவுக்கு வாதக் குறிப்பு எழுதிக் கேட்டது. 60 பக்கம் எழுதிக் கொடுத்தார்.

2014-ல் விசாரணை. நானும் போயிருந்தேன். அவர் வழக்கறிஞர்களுக்கான மேசையில் உட்கார முடியாது, பின்னால் பார்வையாளர் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். வாதாடியது அவருடைய பழைய மாணவர். நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார், ஒரு கட்டத்தில் நீதிபதி, 2004 தீர்ப்பில் சிறுபான்மை நீதிபதிகள் இதே வாதத்தை ஏற்றார்களா, வேறு வழியில் போனார்களா என்று கேட்டார். மாணவருக்கு டக்கென்று வரவில்லை. இவர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி முன் வரிசைக்கு அனுப்பினார். அது கை மாறிப் போய்ச் சேர்வதற்குள் நீதிபதி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அந்தக் கேள்வியால் வழக்கு தோற்கவில்லை, அது தோற்றது வேறு காரணத்தால். ஆனால் காரில் திரும்பும்போது அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

2014 – 2015: என்ன முடிவு, ஏன்

அவர் முன்னால் மூன்று வழிகள். ஒன்று, இருக்கிறபடியே இருந்து, ஆய்வேட்டை நூலாக்கி, பதவி உயர்வுக்கு மறுபடி விண்ணப்பிப்பது. நான் இதைத்தான் சொன்னேன், புலத் தலைவரும் இதையேதான் சொன்னார். இரண்டு, இங்கிலாந்து போல வேறொரு பொதுச்சட்ட நாட்டில் வழக்கறிஞராகத் தகுதி பெற்று வந்து, அப்படி வருபவர்களுக்காகச் சட்டப் பள்ளி நடத்தும் 6 மாதப் படிப்பில் சேர்வது. மூன்று, நுழைவுத் தேர்வு எழுதி முழு 2 ஆண்டும் படிப்பது.

விதிவிலக்கு ஏதாவது உண்டா என்று இரண்டு மூன்று நாட்டுச் சட்டங்களைப் புரட்டிப் பார்த்தோம். அவர் நிலைமைக்கு ஒன்றும் பொருந்தவில்லை.

இரண்டாவது வழியைப் பணத்தால் விட்டார். இங்கிலாந்தில் தொழில்படிப்புக் கட்டணமும் தங்கும் செலவும் சேர்த்தால் இங்கே 2 ஆண்டுக்கு ஆவதைவிட மிக அதிகம், அதுவும் பவுண்டில். தவிர, வயதான அம்மாவை விட்டு இன்னொரு முறை கடல் தாண்ட மனமில்லை. முதல் வழியை விட்ட காரணத்தை அவர் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. "எழுதிய நூல் இன்னும் நாலு பேராசிரியர் படிப்பார்கள். அந்தச் சீட்டு போய்ச் சேராத மேசை அங்கேயேதான் இருக்கும்" என்றார்.

2015-ல், 39 வயதில், நுழைவுத் தேர்வு எழுதினார். தேர்வு அறையில் அவரைப் பார்த்த கண்காணிப்பாளர் கேள்வித்தாளைச் சரிபார்க்க வந்தவர் என்று நினைத்து மேசைப் பக்கம் கூப்பிட்டாராம். இந்த முறை இடம் கிடைத்தது. அவரிடம் படித்துத் தேறிய பிள்ளைகள் இந்தத் தேர்வே எழுதாமல் அதே வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் ஒரு தவறு நடந்தது. இந்த ஆய்வை எழுதுவதே பெரும்பாலும் அதற்காகத்தான். பல்கலைக்கழகத்தில் 2 ஆண்டு விடுப்பு கேட்டார். இது ஆய்வு இல்லை, ஆகவே சம்பளத்தோடு விடுப்பு கிடையாது, சம்பளமில்லாமல் 1 ஆண்டு தரலாம் என்றார்கள். இரண்டாம் ஆண்டு? "அப்போது பார்த்துக்கொள்ளலாம், ஒன்றும் பிரச்சினை இருக்காது" என்று நிர்வாகத்தில் ஒருவர் வாய்மொழியாகச் சொன்னார். ஒப்பந்தச் சட்டம் தெரிந்தவர்கள் நிறைந்த கட்டடத்தில் அதை எழுத்தில் வாங்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். நான் நடத்திய பாடமே ஒப்பந்தத்தை ஒட்டியது.

2015 – 2017: நடந்தவை

சட்டப் பள்ளியில் முதல் சில வாரம் சங்கடம். பழைய மாணவர்கள் அவரை 'மிஸ்' என்று கூப்பிடுவதா, பெயர் சொல்வதா என்று தெரியாமல் முழித்தார்கள். குழு வேலையில் எல்லாரும் அவர் சொல்வதற்குக் காத்திருந்தார்கள். அவருக்குத் தெரியாதது நிறைய இருந்தது. அரசமைப்பில் கரை கண்டவர், ஆனால் ஒரு சாதாரண பிரமாணப் பத்திரத்தை முறைப்படி எழுதத் தெரியாது, எந்தக் கால வரம்புக்குள் எதிர்மனு போட வேண்டும் என்று தெரியாது. முதல் வரைவுப் பயிற்சியில் சிவப்பு மையாகத் திரும்பி வந்ததாம். "9 வருடமாக நான் அடித்த சிவப்பு மை எல்லாம் திரும்பி வந்தது" என்று அப்போது எனக்கு எழுதியிருந்தார்.

சட்ட உதவி மையத்தில் கட்சிக்காரர்களை நேரில் பார்க்க வேண்டும். வாடகை பாக்கி, பராமரிப்புத் தொகை, வேலி எல்லைத் தகராறு. இவர் பத்து வருடமாகப் படித்த வழக்குகளில் ஒன்றுகூட இப்படி ஆரம்பிப்பதில்லை. எல்லாம் மேல்முறையீட்டில் வடிகட்டி வந்த வழக்குகள். நீதிமன்றத்தில் உண்மை எது என்று நிரூபிப்பதற்கே முக்கால்வாசி நேரம் போகிறது என்பது அவருக்கு அங்கேதான் உறைத்தது.

2016 நடுவில் இரண்டாம் ஆண்டு விடுப்புக்கு எழுதினார். இல்லை என்று பதில். வாய்மொழியாகச் சொன்னவர் அதற்குள் வேறு பொறுப்புக்குப் போயிருந்தார். ஒன்று திரும்பி வர வேண்டும், இல்லை வேலையை விட வேண்டும். 10 நாள் அவகாசம். அவர் வேலையை விட்டார். நானும் அதே வருடம் என் ஒப்பந்தம் முடிந்து கிளம்பினேன், ஆகவே அதற்குப் பிறகு உள்ளது அவர் சொல்லக் கேட்டதும் கடிதங்களில் பார்த்ததும்.

சேமிப்பில் ஓர் ஆண்டு ஓடியது. சனிக்கிழமைகளில், தான் படித்தது போன்ற ஒரு தனிப்பயிற்சிக் கல்லூரியில் லண்டன் பாடம் நடத்திக் கொஞ்சம் சம்பாதித்தார். 2017-ல் சான்றிதழ், அதே ஆண்டு வழக்கறிஞராகப் பதிவு.

விளைவு

பழைய புலத்திலேயே ஒரு காலியிடம் வந்தது. விண்ணப்பித்தார், எடுத்துக்கொண்டார்கள், ஆனால் புதிதாகச் சேர்பவராக: 3 ஆண்டு ஒப்பந்தம், பழைய படிநிலை, நிரந்தரம் முதலிலிருந்து. 10 வருடப் பணிமூப்பு போனது.

2018 ஜூனில் நெர்வைஸ் வழக்கில் கரீபிய நீதிமன்றம், பார்படோஸில் கொலைக்குக் கட்டாய மரண தண்டனை அரசமைப்புக்கு விரோதம் என்று சொல்லி 2004-ன் பாதையிலிருந்து விலகியது. அதே ஆண்டு நவம்பரில், ஆண்கள் முறையற்ற நோக்கத்தோடு பெண் உடை உடுத்துவதைக் குற்றமாக்கிய கயானாவின் 1893-ம் ஆண்டுச் சட்டப் பிரிவை ரத்து செய்தது. இவர் எதிலும் வழக்கறிஞராக இல்லை. ஆனால் அதன்பின் கைதிகளின் தண்டனையை மறுபரிசீலனை செய்யக் கோரும் மனுக்கள் வந்தபோது, மூத்த வழக்கறிஞர் ஒருவருக்குத் துணையாக மூன்றில் பெயர் போட்டு நின்றார். ஒன்றில் பேசவும் செய்தார், 20 நிமிடம்.

வகுப்பும் மாறியது. அரசமைப்புப் பாடத்தில் பாதி மதிப்பெண் இப்போது மனு வரைவுக்கு. மாணவர்கள் ஒரு கற்பனைக் கட்சிக்காரரிடம் பேசி, உண்மைகளைத் திரட்டி, பிரமாணப் பத்திரம் எழுத வேண்டும். சட்டப் பள்ளியில் இருப்பவர்கள் அவர் மாணவர்களின் வரைவு தனியாகத் தெரிகிறது என்று சொன்னார்களாம். இதைச் சொன்னது அவரே என்பதால் அப்படியே பதிவு செய்கிறேன்.

2021-ல் முதுநிலை விரிவுரையாளர். முதல் விண்ணப்பத்துக்கு 9 ஆண்டு கழித்து. ஆய்வேடு நூலாகவில்லை, இனி ஆகவும் ஆகாது. அதே பொருளில் மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். ஒரு சட்ட நிறுவனம் முழுநேரமாகக் கூப்பிட்டது, போகவில்லை.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

விடுப்பை எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும். வாங்க முடியாது என்று தெரிந்திருந்தால் 2015-லேயே திட்டம் வேறாக இருந்திருக்கும்: ஓர் ஆண்டு தள்ளிப்போட்டுப் பணம் சேர்த்திருப்பார், ராஜினாமாவையும் 10 நாளில் எழுதாமல் பணிமூப்பைக் காப்பாற்றும் நிபந்தனைகளோடு பேசி எழுதியிருப்பார். ஊழியர் சங்கம் ஒன்று இருந்தது, அவர்களிடம் போனதே ராஜினாமாவுக்குப் பிறகுதான்.

2001-ல் உதவித்தொகையை ஓர் ஆண்டு தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டிருக்கலாம் என்கிறார் அவர். எனக்கு இதில் சந்தேகம். 25 வயதில் இரண்டு வருடம் என்பது பெரிய விஷயமில்லை, 39-ல் அது ஒரு நூலையும் ஒரு ஓய்வூதியத்தையும் விழுங்கியது என்பது சரிதான். ஆனால் அந்த முனைவர் பட்டம் இல்லாமல் அந்தத் தொண்டு அமைப்பு அவரைத் தேடி வந்திருக்காது.

புலத்தின் பக்கத்திலும் ஒன்று உண்டு. அச்சில் இல்லாத தீர்ப்புகளைத் திரட்டுவது ஆய்வா இல்லையா என்பதை 2006-லேயே அவரிடம் சொல்லியிருந்தால், விடுமுறைகளை வேறு மாதிரி செலவழித்திருப்பார், அல்லது தெரிந்தே அதைச் செய்திருப்பார். இப்போது புதிதாகச் சேர்பவர்களிடம் அவரே முதல் வாரத்தில் இதைக் கேட்டுச் சொல்கிறார், எந்த உத்தரவும் இல்லாமல்.

தொகுப்பு இப்போது மூன்றாவது முறையாகத் திருத்தப்படுகிறது. 2022-ல் பிரிவி கவுன்சில் டிரினிடாடின் கட்டாய மரண தண்டனை செல்லும் என்று மறுபடி சொன்னது, 2023-ல் செயின்ட் லூசியா கரீபிய நீதிமன்றத்துக்கு மாறியது, இரண்டு அத்தியாயத்தை மறுபடி கிழிக்க வேண்டியிருக்கிறது. 2016-க்கு முந்தைய 10 வருட ஓய்வூதியக் கணக்கைப் புதிய பணியோடு சேர்க்கக் கோரி அவர் எழுதிய கடிதத்துக்கு, கவனத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டது என்று ஒரு பதில் வந்தது. அடுத்த கடிதத்தைச் சங்கத்தின் வழக்கறிஞர் எழுதியிருக்கிறார். அவர் முன்பு இவரிடம் படித்தவர்.